சந்து புகுந்த வீடு: யார்க் நகரின் பார்லி ஹால்

இங்கிலாந்தின் வடக்கே யார்க் நகரத்தில் ஸ்டோன்கேட் என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. அங்கே கடைகளுக்கு நடுவே கதவில்லாத ஒரு சின்ன வாசல். நுழைந்தால் காஃபி யார்ட் என்ற சந்து. சில இடங்களில் தலைக்கு மேல் வானம் தெரியும். சில இடங்களில் மேலே மாடி அறை ஓடும், நாம் அதன் அடியில் நடந்து போவோம். உயரமான ஆட்கள் குனிந்துகொள்ள வேண்டும். இருபுறமும் செங்கல் சுவர். கடைத்தெருக் கூட்டத்திலிருந்து தப்பிக் குறுக்கு வழியில் போகிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிற இடம்.

பாதி வழியில் ஒரு பக்கம் சுவர் இல்லாமல் பெரிய கண்ணாடி வருகிறது. அதற்கு அந்தப் பக்கம், நடுவில் தளமே இல்லாமல் கூரை வரை எழும்பி நிற்கும் ஒரு கூடம். ஓக் மரத் தூண்கள், உத்திரங்கள், நீள மேசை, பெஞ்சு. சந்தில் போகிறவர்கள் காசு கொடுக்காமலே நின்று பார்க்கலாம்.

அந்த இடத்தில் நிற்கும்போது நாம் வெளியே நின்று ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாகத்தான் தோன்றும். அப்படி இல்லை. நாம் நிற்பதே வீட்டுக்குள்தான். அந்தச் சந்து ஒரு காலத்தில் இந்த வீட்டின் நடை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் ரேழி இருக்குமே, அந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே இருந்த வழி. வீடு கைமாறி, துண்டுபட்டு, யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஆனபோது ஊரார் அந்த நடையைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டார்கள். காலப்போக்கில் அது தெருவாகிவிட்டது. வீடு இருந்த விஷயமே மறந்து போயிற்று.

அந்த வீட்டுக்கு இன்றைய பெயர் பார்லி ஹால். பழைய வீடு ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் என்ன, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்விகளுக்கு ஒரே பதில் கிடையாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற கட்டடம் வேறு எனக்குத் தெரியாது.

மடத்து வீடு, பொற்கொல்லர் வீடு

இதன் மிகப் பழைய பகுதி 1360 வாக்கில் எழுந்தது. கட்டியது வேக்ஃபீல்டு ஊருக்குப் பக்கத்தில் இருந்த நாஸ்டல் என்ற அகஸ்டீனிய மடம். கிராமப்புறத்து மடத்துக்கு நகரத்தில் வீடு எதற்கு? யார்க் அப்போது வட இங்கிலாந்தின் தலைநகரம் மாதிரி. பேராயர் இருப்பிடம் அங்கே. பேராலயத்தின் நிர்வாகத்தில் நாஸ்டல் மடத் தலைவருக்கும் ஒரு பதவி உண்டு. அவர் அடிக்கடி வந்து தங்க வேண்டியிருந்தது. கம்பளி வியாபாரம், வழக்கு, வரி எல்லாவற்றுக்கும் ஆட்கள் வந்து போனார்கள். சத்திரத்தில் தங்குவதைவிடச் சொந்தமாக ஒரு வீடு இருந்தால் சௌகரியம்.

கட்டிய காலத்தையும் கவனிக்க வேண்டும். 1349இல் கொள்ளைநோய் யார்க்கைத் தாக்கியது. இங்கிலாந்து முழுக்க மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனார்கள். தச்சர்களும் கொத்தர்களும் கிடைப்பது அரிதாகி, கூலி ஏறியது. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1351இல் சட்டமே போட்டார்கள். அந்தப் பத்து வருஷத்துக்குள் இந்த வீடு எழுந்திருக்கிறது. இதே காலத்தில், 1357இல், யார்க் வியாபாரிகளும் தங்களுக்கென்று ஒரு பெரிய மரக்கூடத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அது இன்றும் நிற்கிறது. ஊர் செத்துவிடவில்லை என்று சொல்கிற கட்டடங்கள் இவை.

1430 வாக்கில் வீடு இன்னும் கொஞ்சம் விரிந்தது. ஆனால் மடத்துக்குப் பண நெருக்கடி வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டார்கள். அப்படி வந்தவர்தான் வில்லியம் ஸ்னாசல். பொற்கொல்லர். 1468இல் யார்க் நகரின் மேயர். மனைவி பெயர் ஜோன். அப்போதைய யார்க்கில் மேயர் என்றால் பெரிய வியாபாரி, நகரத்துச் சட்டதிட்டங்களில் கை உள்ளவர், அரசர் வந்தால் வரவேற்கப் போகிறவர். 1483இல் மூன்றாம் ரிச்சர்ட் முடிசூடிய கையோடு யார்க்குக்கு வந்தார். ஊரே திரண்டு வரவேற்றது. இரண்டு வருஷத்தில், 1485இல், பாஸ்வொர்த் போரில் அவர் கொல்லப்பட்டார். அந்த 1483 என்ற வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது இந்த வீட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கப் போகிறது.

மரத்தால் பின்னிய வீடு

இந்த வீட்டைக் காப்பாற்றியவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள, முதலில் இது எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

நம் வீடுகளில் சுவர்தான் பாரம் தாங்கும். கூரை அதன் மேல் உட்காரும். அந்தக் காலத்து ஆங்கில மர வீட்டில் சுவர் எதையும் தாங்காது. தூண், உத்திரம், குறுக்குச் சட்டம், கூரையின் கைமரம் எல்லாம் சேர்ந்து ஒரு எலும்புக்கூடு. பாரம் முழுக்க அதன் மேல்தான். சுவர் என்பது அந்த எலும்புகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை அடைப்பது, அவ்வளவுதான். பிளந்த குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் கலந்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். நம் கிராமத்து வரிச்சுச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எலும்புக்கூட்டுக்கு ஓக் மரம். அதையும் காயவைத்துப் பயன்படுத்த மாட்டார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. வெட்டிய பச்சை மரத்திலேயே வேலை. ஒரு கட்டையின் முனையை நாக்கு மாதிரிச் சீவுவார்கள். இன்னொரு கட்டையில் அந்த நாக்கு போய் உட்கார ஒரு குழி. இரண்டையும் சேர்த்து, குறுக்கே துளை போட்டு, மர முளையை அடிப்பார்கள். இரும்பு ஆணி அடித்தால் ஓக்கில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும். அதனால் மூட்டுகளில் ஆணி கிடையாது.

அந்தத் துளையில்தான் தச்சனின் சாமர்த்தியம். நாக்கில் போடுகிற துளையைக் குழியின் துளைக்கு நேராகப் போட மாட்டார்கள். ஒரு நூல், இரண்டு நூல் தள்ளிப் போடுவார்கள். முனை கூராகச் சீவிய முளையை அடித்து இறக்கும்போது, அது இரண்டு துளைகளையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அந்த இழுப்பில் நாக்கு குழிக்குள் இன்னும் ஆழமாகப் போய் இறுகிக்கொள்ளும். பச்சை மரம் வருஷக்கணக்கில் காய்ந்து சுருங்கும், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ஆனால் மூட்டு விடாது. பழைய ஆங்கிலத் தெருக்களில் வீடுகள் ஒரு பக்கம் சாய்ந்து, வயிறு தள்ளி நிற்பதைப் படங்களில் பார்த்திருப்போம். அதற்கு ஒரு காரணம் மரம் இப்படிக் காய்ந்து சுருங்குவதுதான். சாய்ந்த பிறகும் ஆறு நூறு வருஷம் நிற்பதற்குக் காரணம் அந்த முளை.

இன்னொன்று. இந்த வீடுகளை மனையில் வைத்துச் செதுக்கவில்லை. பட்டறைக் களத்தில் ஒவ்வொரு பக்கத்துச் சட்டத்தையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். சரியாக உட்கார்ந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு கட்டைகளிலும் ஒரே அடையாளத்தை உளியால் கீறுவார்கள். ரோமன் எண்கள் மாதிரி கோடுகள்: ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு பெருக்கல் குறி. அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் கீறலைப் பார்த்து எது எதோடு சேரும் என்று கண்டுபிடித்துவிடலாம். பழைய மர வீடுகளைச் சுத்தம் செய்யும்போது இந்தக் கீறல்கள் இன்றும் பளிச்சென்று தெரிகின்றன.

ஆக, இது பிரித்துச் சேர்க்கிற வீடு. பிறக்கும்போதே ஒரு முறை பிரிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்ட வீடு. கொஞ்ச நேரத்தில் இது முக்கியமாகப் போகிறது.

பச்சை மரம் இன்னொரு உபகாரமும் செய்கிறது. மரத்தின் ஒவ்வொரு வருஷ வளையமும் அந்த வருஷத்து மழை, குளிரைப் பொறுத்து அகலமாகவோ குறுகலாகவோ இருக்கும். ஒரு வட்டாரத்தில் ஒரே காலத்தில் வளர்ந்த ஓக் மரங்களின் வளைய வரிசை கிட்டத்தட்ட ஒத்துப்போகும். கட்டையில் மெல்லிய துளை போட்டு ஒரு குச்சியளவு எடுத்து, அதன் வளையங்களை ஏற்கெனவே காலம் தெரிந்த வரிசையோடு பொருத்தினால் அந்த மரம் எந்தக் காலத்தில் வளர்ந்தது என்று தெரியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்துவிட்டால் வெட்டிய வருஷமே தெரியும். வெட்டியவுடன் வேலைக்கு எடுத்ததால், வெட்டிய காலமும் கட்டிய காலமும் ஏறக்குறைய ஒன்று. கல்வெட்டு இல்லாத வீட்டுக்கு மரமே கல்வெட்டு.

உள்ளே வாழ்க்கை எப்படி? நடுநாயகம் கூடம். சாப்பாடு, பஞ்சாயத்து, கணக்கு வழக்கு, வேலைக்காரர்கள் படுக்கை எல்லாம் அங்கேதான். இந்த வகைக் கூடங்களில் நெருப்பு நடுத்தரையில் எரியும். புகை கூரைக்கு ஏறி வெளியேறும். கூரை வரை திறந்து கட்டியதற்கு அதுதான் முதல் காரணம், ஆடம்பரம் அப்புறம். கூடத்தின் ஒரு கோடியில் எஜமான் மேசை. மறு கோடியில் குறுக்கே ஒரு நடை. அதற்கு அப்பால் பீரும் ரொட்டியும் வைக்கிற அறைகள். கண்ணாடி விலை அதிகம். மரச்சட்டத்தோடு சேர்த்துக் கழற்றி, வீடு மாறும்போது கூடவே எடுத்துப்போகிற சொத்து அது. கண்ணாடி வாங்க முடியாத இடத்தில் மாட்டுக்கொம்பு. கொம்பை ஊறவைத்து, சூடாக்கி, பிளந்து, அழுத்தித் தகடாக்கினால் வெளிச்சம் மட்டும் உள்ளே வரும், உருவம் தெரியாது. பார்லி ஹாலில் இப்படி ஒரு கொம்பு ஜன்னலைச் செய்து வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் தேன் நிறத்தில் விழுகிறது. பழைய காலத்து வீட்டுக்குள் பகல் எப்படி இருந்திருக்கும் என்று இந்த ஒரு ஜன்னல் சொல்கிற மாதிரி எந்த விவரணையும் சொல்லாது.

மறைந்த நூற்றாண்டுகள்

எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் நடுவே இங்கிலாந்தின் மடங்களை எல்லாம் கலைத்துச் சொத்துகளைப் பறித்தார். நாஸ்டலும் போயிற்று. அதன் பிறகு வீடு கைமாறிக் கைமாறிப் போனது. 17ஆம் நூற்றாண்டில் அதைச் சின்னச் சின்னக் குடியிருப்புகளாகத் தடுத்தார்கள். நடை சந்தானது அப்போதுதான்.

காஃபிக் கடைகள் வந்த காலத்தில் சந்துக்கு இன்றைய பெயர் வந்தது. 1719இல் யார்க்கின் முதல் செய்தித்தாளான யார்க் மெர்க்குரி இந்தச் சந்தில் இருந்துதான் வெளிவந்தது. அச்சிட்டவர் கிரேஸ் ஒயிட் என்ற பெண்மணி. 18ஆம் நூற்றாண்டில் ஊரெல்லாம் செங்கல் மோகம். வெளியே தெரியும் மரச்சட்டம் பட்டிக்காட்டுத்தனம் என்ற எண்ணம் வந்துவிட்டது. பணம் இருந்தவர்கள் இடித்துக் கட்டினார்கள்; இல்லாதவர்கள் பழைய எலும்புக்கூட்டுக்கு முன்னால் செங்கல்லில் ஒரு முகத்தை ஒட்டினார்கள், அல்லது காரை பூசி மூடினார்கள். யார்க்கின் பழைய தெருக்களில் செங்கல் முகத்துக்குப் பின்னால் இன்னும் மரம்தான் நிற்கிறது.

ஏழ்மை வீடுகளைக் காப்பாற்றும் என்று சொல்வது கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் யார்க்கின் கம்பளித் துணி வியாபாரம் விழுந்தது. பிற்காலத்தில் லீட்ஸ், பிராட்ஃபோர்டு மாதிரி ஊர்கள் ஆலைகளால் வீங்கி, பழையதை எல்லாம் வாரிப்போட்டுவிட்டு வளர்ந்தன. யார்க்கில் இடிக்கப் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. லண்டனை 1666இல் எரித்த மாதிரி ஒரு பெருந்தீயும் யார்க்கைத் தொடவில்லை. குட்ராம்கேட் தெருவில் 1316இல் கட்டிய வரிசை வீடுகள் இன்றும் கடைகளாக ஓடிக்கொண்டிருப்பது இப்படித்தான்.

விக்டோரியா காலத்தில் நம் வீடு பட்டறைகளாக மாறியது. கடைசியில் ஒரு பிளம்பர் பட்டறை. மேயர் விருந்து வைத்த வீட்டில் குழாய்களும் தொட்டிகளும். எந்தப் பயணக் குறிப்பிலும் இந்த வீடு கிடையாது, ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

1984

அந்த வருஷம் இடம் விற்பனைக்கு வந்தது. இடித்துவிட்டு அலுவலகமும் அடுக்குமாடி வீடுகளும் கட்டுவதாகத் திட்டம். வேலை தொடங்குமுன் கட்டடத்தைப் பரிசோதித்தபோது, செங்கல்லுக்கும் காரைக்கும் பின்னால் மத்தியகால மரச்சட்டம் தெரிந்தது.

இதே ஊரில் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 1972இல் தொடங்கிய யார்க் தொல்லியல் அறக்கட்டளை, 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் தோண்டி, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங் மக்களின் காலத்து வீடுகளைக் கண்டெடுத்திருந்தது. கண்டெடுத்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விட்டுவிடாமல், அந்தத் தெருவையே வாசனை, சத்தத்தோடு திரும்பச் செய்து காட்டினார்கள். ஜோர்விக் என்ற அந்தக் காட்சியகம் திறந்ததும் 1984இல்தான். மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். பழையதைக் கண்முன் நிறுத்திக் காட்டலாம், அதற்கு ஆதரவும் இருக்கிறது என்று அறக்கட்டளைக்குத் துணிச்சல் வந்த நேரம் அது.

1987இல் அந்த அறக்கட்டளையே வீட்டை வாங்கியது. அறக்கட்டளையின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவர் பேராசிரியர் மாரிஸ் பார்லி. ஆங்கிலக் கிராமத்து வீடுகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவர் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார்கள். பார்லி தானியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மத்தியகாலத்தில் யாரும் இதை அப்படி அழைத்ததும் இல்லை.

வாங்கிய வீடு இருந்த நிலைமை மோசம். ஈரம், உளுப்பு, வெட்டிப்போட்ட உத்திரங்கள், இடையில் இடையில் செருகிய செங்கல். மரச்சட்டத்தைப் பிரித்து, தேறியதை வைத்துக்கொண்டு, தேறாததற்குப் புது ஓக் வெட்டி, பழைய முறையிலேயே மூட்டுப் போட்டுத் திரும்ப நிறுத்தினார்கள். கணிசமான மரங்கள் புதியவை. கூடத்துக்கு மேசை, பெஞ்சு, திரைச்சீலை எல்லாம் அந்தக் காலத்து மாதிரிகளைப் பார்த்துப் புதிதாகச் செய்தார்கள். எந்தக் காலத்து வீடாகத் திரும்ப எழுப்புவது? அவர்கள் தேர்ந்தெடுத்தது 1483. ஸ்னாசல் குடும்பம் இருந்த காலம், ரிச்சர்ட் யார்க் வந்த வருஷம். 1993இல் வீடு திறந்தது.

எது பழைய வீடு?

உடனே சண்டை வந்தது. இவ்வளவு புது மரம் போட்டுக் கட்டியதைப் பழைய வீடு என்று எப்படிச் சொல்லலாம்? பாதி ஊகம், பாதி அலங்காரம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள்.

இந்தச் சண்டை பார்லி ஹாலோடு பிறந்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வியோலே லெ டுக் என்ற கட்டடக் கலைஞர், ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால் அதை முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது, அந்த நிலை இதற்கு முன் எந்தக் காலத்திலும் இருந்திராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்குப் போனார். இங்கிலாந்தில் அதற்கு நேர் எதிராக நின்றவர் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ். தேவாலயங்களைச் சுரண்டி, பிற்காலத்தில் சேர்ந்ததை எல்லாம் பிய்த்தெறிந்து, ‘அசல்’ காலத்துக்குத் திருப்புகிறோம் என்று அப்போது பலர் கிளம்பியிருந்தார்கள். அதைப் பொறுக்க முடியாமல் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்றை மாரிஸ் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. பழுது பார், புதுப்பிக்காதே என்பது அவர்கள் கட்சி. தூணின் அடி உளுத்துவிட்டால் அந்த உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, புது மரத்தை ஒட்டுப் போட்டுச் சேர்க்க வேண்டும். புதியது புதியதாகவே தெரியட்டும். பழையதாக வேஷம் போட வேண்டாம். கட்டடத்தின் மேல் படிந்த ஒவ்வொரு காலமும் அதன் சரித்திரம்தான்.

பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிப் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதிய 1964இன் வெனிஸ் சாசனமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. ஊகம் தொடங்குகிற இடத்தில் புதுப்பிக்கும் வேலை நின்றுவிட வேண்டும் என்கிறது அது. இந்த அளவுகோலை வைத்தால் பார்லி ஹால் தேறாது. முப்பது நாற்பது வருஷமாக அதன் மேல் வைக்கப்படுகிற குற்றச்சாட்டின் சாரம் இதுதான்.

சவுத்தாம்ப்டனிலும் இதே கதை இன்னொரு விதமாக நடந்தது. அங்கே பிரெஞ்சுத் தெருவில் ஜான் ஃபோர்ட்டின் என்ற வியாபாரி 1290 வாக்கில் கட்டிய வீடு. முன்பக்கம் கடை, நடுவில் கூடம், அடியில் கல் வளைவு போட்ட நிலவறை. பிரான்ஸிலிருந்து வந்த ஒயின் பீப்பாய்கள் அந்தக் குளிர்ச்சியில் இருக்கும். பிற்காலத்தில் அதுவும் தடுக்கப்பட்டு, விடுதி, மதுக்கடை என்று பலதாகி, யாருக்கும் அடையாளம் தெரியாமல் போனது. 1940இல் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் சேதம் ஏற்பட்டபோதுதான் உள்ளே இருந்த மத்தியகால வீடு வெளியே தெரிந்தது. 1980களில் பிற்காலச் சேர்க்கைகளைக் களைந்து, பழைய தோற்றத்துக்குத் திருப்பினார்கள். சிவப்பும் பச்சையுமாக வண்ணம் அடித்த பெட்டிகளும் நாற்காலிகளும் புதிதாகச் செய்தவை. மத்தியகாலம் என்றாலே இருட்டுப் பழுப்பு என்று நினைத்திருக்கிறவர்களுக்கு அந்த வண்ணங்கள் அதிர்ச்சி தரும். அதில் தப்பே இல்லை. அந்தக் காலத்து மக்களுக்கு நிறம் என்றால் கொள்ளை ஆசை.

எக்ஸெட்டரில் 1961இல் நடந்தது இன்னும் வேடிக்கை. புதுச் சாலைக்காக ஒரு மத்தியகால மர வீட்டை இடிக்க வேண்டிய நிலை. இடிக்கவில்லை. மரச்சட்டத்தைக் குறுக்குக் கட்டைகளால் இறுக்கி, அடியில் சக்கரம் வைத்து, 21 டன் வீட்டை முழுதாக மேட்டுக்கு நகர்த்திக்கொண்டு போய் வேறு இடத்தில் நிறுத்தினார்கள். இன்றும் அதற்கு ‘நகர்ந்த வீடு’ என்றுதான் பெயர். மரம் பழையது, வீடு பழையது, ஆனால் இடம் வேறு. அக்கம்பக்கம் போயிற்று.

அப்படியானால் எது அசல்? மரமா, தோற்றமா, இடமா? யார்க்கில் இடம் தப்பியது; தோற்றத்துக்காக மரத்தில் கணிசம் மாறியது. எக்ஸெட்டரில் மரம் தப்பியது, இடம் போனது. எல்லாம் தப்பிய வீடு என்று ஒன்று நான் கேள்விப்பட்டதில்லை.

பார்லி ஹாலைப் போலி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தச்சன் போட்ட கீறல்களை நினைத்துப் பாருங்கள். பிரிக்கவும் சேர்க்கவும் என்றே செய்த பொருள் இது. அடிச்சட்டம் மண் ஈரத்தில் முதலில் உளுக்கும், மாற்றுவார்கள். வரிச்சுச் சுவர் உதிரும், திரும்பப் பூசுவார்கள். இருநூறு வருஷம் நின்ற மர வீட்டில் எந்தக் காலத்திலும் எல்லா மரமும் ஒரே வயதாக இருந்திருக்காது. புது மரம் போட்டதைக் குற்றம் என்று சொன்னால், இந்த வீட்டைக் காலம் காலமாகக் காப்பாற்றி வந்த தச்சர்களையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும். அதுமட்டுமில்லை. பழைய முறையில் பச்சை ஓக்கில் நாக்கும் குழியும் வெட்டி ஒரு முழு வீட்டை நிறுத்தியபோது, அந்தக் கைவேலையும் சேர்ந்துதான் தப்பியது. கை மறந்துபோனால் அடுத்த வீட்டைப் பழுது பார்க்க யார் இருப்பார்கள்?

சிமென்ட் விஷயத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டில் எத்தனையோ மர வீடுகளுக்கு நல்ல எண்ணத்தில் சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் விடாது. விரிசல் வழியாக உள்ளே போன மழைநீர் மரத்தோடேயே தங்கி, வெளியே அழகாகத் தெரிகிற சுவருக்குப் பின்னால் ஓக் மாவாகிப் போகும். ஐநூறு வருஷம் தாங்கிய தூணை ஐம்பது வருஷத்தில் கெடுத்த கதைகள் ஏராளம். பொருளைத் தெரிந்த கை இல்லாவிட்டால் அக்கறை மட்டும் போதாது.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது 1483 என்ற தேர்வில். ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்ற வருஷங்கள் எல்லாம் குப்பையாகிவிடுகின்றன. மேயரின் மேசையைத் திரும்பச் செய்தார்கள். தடுப்புக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திய 17ஆம் நூற்றாண்டுக் குடும்பங்கள், விக்டோரியா காலத்துப் பட்டறை ஆட்கள், கடைசிப் பிளம்பர், இவர்கள் இருந்த சுவடு வீட்டுக்குள் அநேகமாக இல்லை. ஸ்னாசல் அந்த வீட்டின் நீண்ட ஆயுளில் சில வருஷங்களுக்கு வாடகைக்கு இருந்தவர். பணக்காரர், பெயர் ஏட்டில் இருக்கிறது, அரசரோடு தொடர்பு இருக்கிறது. அதனால் வீடு அவருடையதாகிவிட்டது. உலகம் முழுக்கப் பழைய வீடுகளைக் காப்பாற்றும்போது இதுதான் நடக்கிறது. பெயர் தெரிந்தவர் காலத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பிவைக்கிறோம்.

அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. எல்லாக் காலத்தையும் ஒரே சுவரில் காட்டினால் பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. பார்லி ஹாலில் நாற்காலியில் உட்காரலாம், சாமான்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கயிறு கட்டி ‘தொடாதே’ என்று எழுதிவைத்த அசல் நாற்காலியால் இதைத் தர முடியாது. புதிதாகச் செய்தது என்பதால்தான் தொட முடிகிறது. ஒரு பிள்ளை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய கூடத்தில் இவ்வளவு குளிரில் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேட்டால், அந்தக் கேள்விக்காகவே புது மரத்தை மன்னித்துவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் அந்த 1483 விட்டுக்கொடுத்திருக்கிறது. அசல் திட்டப்படி வீட்டைத் திருப்பியிருந்தால் சந்து வழியை அடைத்திருக்க வேண்டும். அது வீட்டின் நடை. ஸ்னாசல் காலத்தில் ஊரார் அதில் போனதில்லை. ஆனால் அடைக்கவில்லை. துண்டுபட்ட காலத்தில் ஊர் எடுத்துக்கொண்ட வழியை ஊருக்கே விட்டுவிட்டு, அந்தப் பக்கம் கண்ணாடி வைத்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து ஸ்டோன்கேட்டிலிருந்து குறுக்கே போகிறவர்கள் இன்றும் அந்த நடை வழியாகத்தான் போகிறார்கள். சிலர் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள். பலர் போனைப் பார்த்தபடியே போய்விடுகிறார்கள், வீட்டுக்குள் நடந்துபோகிறோம் என்று தெரியாமலே.